கடன்பட்ட மகுடம்

கலிலேயா ஏரிக்கரையில் திபேரியா என்றொரு நகரம். கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா கட்டி, ரோமப் பேரரசர் திபேரியஸின் பெயரைச் சூட்டிய ஊர். அதன் சந்தையில் எடையும் அளவும் சரியாக இருக்கின்றனவா என்று கவனிக்க ஓர் அதிகாரி உண்டு. ஒரு கட்டத்தில் அந்த வேலை அந்திப்பாவின் மைத்துனருக்குப் போனது. பெயர் அகிரிப்பா. மகா ஏரோதின் பேரன். ரோமில் பேரரசரின் மகன் துருசஸோடு சேர்ந்து வளர்ந்தவர். சந்தை அனுபவம் பார்த்துக் கொடுத்த வேலையல்ல அது. அகிரிப்பாவின் மனைவி கிப்ரோஸ், அந்திப்பாவின் மனைவியும் தன் நாத்தனாருமான ஏரோதியாளுக்கு எழுதிய கடிதத்துக்குக் கிடைத்த பதில்.

கிப்ரோஸ் அந்தக் கடிதத்தை எழுதியபோது அவள் கணவர் இதுமேயாவில் மலாத்தா என்ற இடத்தில் ஒரு கோபுரத்துக்குள் முடங்கி, உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ரோமில் விருந்துக்கும் அன்பளிப்புக்கும் இறைத்த பணம் கழுத்தளவு கடனாக நின்றது. கி.பி. 23இல் துருசஸ் இறந்ததும், மகனின் தோழர்களைப் பார்த்தாலே துக்கம் கிளறுகிறது என்று பேரரசர் அவர்களை அண்டவிடவில்லை. ஆதரவு போன மறுகணம் கடன்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இந்த மனிதரின் கதையை மிக விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. ஏரோது வம்சத்தின் ஆட்சியைப் புரிந்துகொள்ள அதன் கோட்டைகளும் போர்களும் போதாது. யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள் என்ற கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் வம்சத்துப் பெண்களின் பங்கு மிகப் பெரியது.

தொடக்கமே அப்படித்தான். மகா ஏரோதின் தந்தை அந்திப்பத்தர், எகிப்தில் சிக்கிக்கொண்ட ஜூலியஸ் சீசருக்குப் படையுதவி செய்தார். கைம்மாறாக ரோமக் குடியுரிமையும் யூதேயாவின் நிர்வாகமும் கி.மு. 47இல் அவருக்கு வந்தன. கையோடு மூத்த மகன் பசாயேலுக்கு எருசலேமையும் இளையவர் ஏரோதுக்குக் கலிலேயாவையும் பிரித்துக் கொடுத்தார். கி.மு. 40இல் ரோம செனட் ஏரோதை அரசராக அறிவித்தபோது அவருக்குப் பின்னால் நின்றவர் மார்க் ஆண்டனி. ஆக்டியம் போரில் ஆண்டனி தோற்றதும் ஏரோது ரோட்ஸ் தீவுக்குப் போய், மகுடத்தைக் கழற்றிவிட்டு வென்றவர் ஆக்டேவியன் முன் நின்றார். ஆண்டனிக்கு உண்மையாக இருந்ததை மறைக்கவில்லை. அதே விசுவாசத்தை இனி உங்களுக்குத் தருகிறேன் என்றார். மகுடம் திரும்பக் கிடைத்தது.

மேலே கைகட்டி நின்றவர் கீழே அள்ளிக் கொடுத்தார், பிடுங்கவும் செய்தார். இதில் என்னால் ஏற்கவே முடியாதது பிரதான ஆசாரியர் பதவிக்கு நேர்ந்த கதிதான். வழிவழியாக வந்து, ஆயுள் முழுக்க நீடித்த புனிதப் பொறுப்பு அது. ஏரோது தன் மனைவியின் தம்பி, 17 வயது அரிஸ்டோபுலஸை அதில் அமர்த்தினார். மக்கள் அந்த இளைஞனை நேசிக்கத் தொடங்கியதும், எரிகோ அரண்மனைக் குளத்தில் விளையாட்டுப்போல நீருக்குள் அழுத்திக் கொல்ல வைத்தார். பின்னொரு காலத்தில் அழகி ஒருத்தியை மணக்க விரும்பினார். அவள் குடும்ப அந்தஸ்து போதவில்லை. இருந்தவரை நீக்கிவிட்டு, அவள் தந்தை சீமோனைப் பிரதான ஆசாரியராக்கினார். ஒரு சமூகத்தின் பாவ நிவர்த்திக்காக ஆண்டுக்கு ஒருமுறை மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழையும் உரிமை, கல்யாணச் சீராகிப்போனது. அந்த ஆசாரியரின் திருவுடைகளும் ஏரோதின் கோட்டையில்தான் பூட்டிக் கிடந்தன.

பேரனிடம் திரும்புவோம். அகிரிப்பாவுக்குச் சந்தைப் பதவி நிலைக்கவில்லை. தீரு நகரில் ஒரு விருந்து. குடிபோதையில் அந்திப்பா, நீ சாப்பிடுவதே என் தயவில்தான் என்று எல்லார் முன்னும் குத்திக்காட்டினார். அகிரிப்பா கிளம்பிவிட்டார். சிரியாவின் ஆளுநர் பிளாக்கஸ் பழைய நண்பர், அங்கே தஞ்சம். தமஸ்குவுக்கும் சீதோனுக்கும் எல்லைத் தகராறு வந்தபோது, ஆளுநரிடம் சொல்லி முடித்துத் தருவதாகத் தமஸ்குக்காரர்களிடம் பணம் வாங்கினார். உடனிருந்த சொந்தச் சகோதரரே காட்டிக்கொடுக்க, அந்த வாசலும் அடைபட்டது.

இனி ரோம்தான் கதி. வழிச்செலவுக்கு, தன் தாயிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பேதுரு என்பவரிடம் கடன் கேட்டார். பேதுருவோ பழைய பாக்கி ஒன்றைச் சொல்லி, 20,000 திராக்மாவுக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு 17,500தான் கொடுத்தார். கப்பலேறும் நேரத்தில் பேரரசரின் அதிகாரி கபித்தோவின் வீரர்கள் வந்து, கருவூலத்துக்குச் சேர வேண்டிய 3,00,000 திராக்மாவைக் கேட்டார்கள். தருவதாகச் சொல்லிவிட்டு, இரவோடு இரவாக நங்கூரக் கயிறுகளை அறுத்துக்கொண்டு அலெக்சாந்திரியாவுக்கு ஓடினார்.

அங்கே வரி வசூல் பொறுப்பில் இருந்த யூதப் பெருந்தனக்காரர் அலெக்சாண்டரிடம் 2,00,000 திராக்மா கேட்டார். உங்களை நம்பித் தர முடியாது, உங்கள் மனைவியை நம்பித் தருகிறேன் என்றார் அவர். கிப்ரோஸ் பொறுப்பேற்றாள். அப்போதும் அலெக்சாண்டர் முழுத்தொகையைக் கையில் கொடுக்கவில்லை. ஐந்து தாலந்து அங்கே. மீதி இத்தாலியில் இறங்கியபின். இந்த அலெக்சாண்டரின் மகன் மார்க்கஸின் பெயர், எகிப்தியப் பாலைவன வழியே செங்கடல் துறைமுகங்களுக்குச் சரக்கு போன ரசீதுகளில், ஓட்டுச்சில்லுகளில் எழுதியிருப்பதாக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். நம் முசிறியின் மிளகு போய் இறங்கிய துறைமுகங்கள் அவை. அந்த மார்க்கஸுக்குத்தான் அகிரிப்பா பின்னர் தன் மகளைக் கொடுத்தார்.

ரோமிலும் ஒரு பெண்தான் காப்பாற்றினாள். பேரரசரின் தம்பி மனைவி அந்தோனியா, அகிரிப்பாவின் தாயோடு இருந்த நட்புக்காக அந்த 3,00,000த்தைக் கொடுத்தாள். அகிரிப்பா வேறொருவரிடம் பத்து லட்சம் கடன் வாங்கி அவளுக்குத் திருப்பினார். மிச்சத்தை அவள் பேரன் கலிகுலாவின் தயவைப் பெறச் செலவிட்டார். திபேரியஸ் சீக்கிரம் போய், நீ ஆள வேண்டும் என்று அவனிடம் சொன்னதைத் தேரோட்டி கேட்டுவிட, ஆறு மாதம் சிறை. கி.பி. 37இல் கலிகுலா பேரரசனானதும், நண்பரைக் கட்டியிருந்த இரும்புச் சங்கிலியின் எடைக்குப் பொன் சங்கிலி செய்து கொடுத்தான். கூடவே ஒரு நாட்டையும். 39இல் அந்திப்பா நாடுகடத்தப்பட, அந்த நிலமும் சந்தையோடு சேர்த்து அகிரிப்பாவுக்கு வந்தது. 41இல் அடுத்த பேரரசர் கிளாடியஸ் யூதேயாவையும் சமாரியாவையும் கொடுத்தார்.

இந்த அலைச்சல் முழுவதிலும் அகிரிப்பாவின் கூடவே இருந்து, அவருக்காக ஆபத்துகளைத் தாங்கியவர் சீலாஸ். அரசரானதும் அகிரிப்பா அவரை மொத்தப் படைக்கும் தலைவராக்கினார். வம்சத்தில் உண்மையாகச் சம்பாதித்த பதவி என்று நான் மதிப்பது அந்த ஒன்றைத்தான். ஆனால் சீலாஸ் பழைய நாட்களை மறக்கவில்லை. பேசும்போதெல்லாம் சிறையையும் பட்ட பாட்டையும் நினைவூட்டினார். பணக் கடனை அடைத்துவிடலாம். இதை எப்படி அடைப்பது? அரசர் அவரைப் பதவியிறக்கி, சொந்த ஊரிலேயே விலங்கிட்டார். பிறந்தநாள் விருந்தன்று மனம் இளகி ஆளனுப்பினார். விடுதலையானாலும் நான் செய்ததைச் சொல்லத்தான் செய்வேன் என்று சீலாஸ் பதில் சொல்லியனுப்பினார். விலங்கு அப்படியே கிடந்தது.

கி.பி. 44இல் செசரியாவில் அகிரிப்பா இறந்தார். செய்தி மக்களுக்கு எட்டுமுன், அரசரின் சகோதரரும் கல்கிஸின் அரசருமான ஏரோதும், அரசவை நண்பர் ஹெல்கியாவும் ஆளனுப்பி, அரசரே ஆணையிட்டதுபோல் காட்டி, தங்களுக்கு வேண்டாதவராயிருந்த சீலாஸைக் கொன்றார்கள். மகனுக்கு 17 வயதுதான் என்று நாட்டை ரோமே எடுத்துக்கொண்டது. கல்கிஸ் ஏரோது வேறொன்றைக் கிளாடியஸிடம் கேட்டு வாங்கினார்: ஆலயத்தின் மீதும் அதன் கருவூலத்தின் மீதும் அதிகாரம், பிரதான ஆசாரியரை நியமிக்கும் உரிமை.