வீடு பார்க்கும் முன் மேடு பார்க்க வேண்டும்

சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் பல காலம் 1,189 சதுர கிலோமீட்டர்தான். 2022-இல் அரசு அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது. அரக்கோணம் பக்கம்கூட இப்போது கணக்கில் சென்னைதான். ஆக, ‘சென்னையில் வீடு பார்க்கிறோம்’ என்று கிளம்பும் குடும்பத்தின் முன்னால் நூற்றுக்கணக்கான ஊர்கள் கிடக்கின்றன. வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் நான்கு: சதுர அடி என்ன விலை, பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் உண்டா, ரயிலோ மெட்ரோவோ எவ்வளவு தூரம், ஏரியா எப்படிப்பட்டது. நான்கும் நியாயமானவை. ஆனால் நான்கும் இரண்டாவதாகக் கேட்க வேண்டியவை. முதலில் கேட்க வேண்டியது, மழைக்காலத்தில் அந்த மண்ணில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், சித்திரையில் அங்கே தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை. பள்ளிக்கூடம் பிறகு வரலாம், கடைத்தெரு வரலாம், ரயிலும் வரலாம். தரையின் சரிவு மட்டும் பின்னால் வந்து சேராது.

இந்தப் பகுதி ஏறக்குறையத் தட்டை நிலம். மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிந்து கடலில் முடிகிறது. இப்படிப்பட்ட நிலத்தில் பயிர் செய்ய முன்னோர் கண்ட வழி ஏரி. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே உபரிநீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. நகரம் வளர்ந்தபோது இந்தச் சங்கிலியின் கண்ணிகளைத்தான் ஒவ்வொன்றாக மனை போட்டோம். தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் பெரிய ஏரியை வடித்துவிட்டு எழுப்பிய ஊர். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடம்தான். வீட்டு வசதி வாரியம் முகப்பேரில் உருவாக்கிய குடியிருப்பின் பெயரே ‘ஏரித் திட்டம்’. இதைவிட வெளிப்படையாக யாரும் சொல்லிவிட முடியாது. ஏரி போய்விட்டது, நூறாண்டில் ஊர் பழகிவிட்டது என்று நினைக்கலாம். ஆனால் 2021 நவம்பரில் ஓரிரவில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது தியாகராய நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ஏரியைத் தூர்த்தால் கரை போகும், பள்ளம் போகாது.

வேளச்சேரியின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 2007-இல் பறக்கும் ரயில் அங்கே வந்தது. அகலச் சாலைகள், பெரிய வணிக வளாகம், மென்பொருள் நிறுவனங்களுக்குப் போக எளிதான வழி எல்லாம் அடுத்தடுத்து அமைந்தன. மனை விலை எங்கோ போனது. மாறக்கூடியவை அத்தனையும் மாறின. ஆனால் 2015 டிசம்பரிலும் வேளச்சேரி மூழ்கியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கியது. காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து சேர்வது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். ஐயாயிரம் ஹெக்டேர் அளவில் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பில் எஞ்சியது சிறு பங்கு. 2022-இல் அதற்குச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. அதற்குள் ஒரு பக்கம் குப்பைக் கிடங்கும் மறுபக்கம் அடுக்குமாடிகளும் வந்திருந்தன. தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரின் கணக்கு வேறு: அது அடையாற்றின் மேல்தலை. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது அங்கே படகில் போய் ஆட்களை மீட்க வேண்டியிருந்தது.

மழை ஒரு பாதி. மறு பாதி வெயில், அதை வீடு தேடுவோர் அநேகமாக மறந்துவிடுகிறார்கள். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு குடிநீர் ஏரிகளும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. பழைய மாம்பலம் காலனிவாசி மெட்ரோ வாட்டர் குழாயில் கொஞ்சமாவது வருமா என்று காத்திருந்தார். பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிவாசிகள் பலருக்குக் காத்திருக்கக் குழாயே இல்லை. ஒரு பக்கம் சதுப்பு, மறுபக்கம் கடல் என்று இருக்கும் அந்த நீண்ட பட்டையில் பல இடங்களில் போர் போட்டால் உப்புநீர்தான். தண்ணி லாரியை நம்பியே வீடுகள் விற்கப்பட்டன. நாலு வருடம் முன்பு வெள்ளத்தில் நின்ற அதே தெருக்காரர்கள் லாரிக்கு வரிசையில் நின்றார்கள். இதில் முரண் எதுவும் இல்லை. மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளும் ஏரியும் சதுப்பும் போன இடத்தில் இரண்டும் சேர்ந்தே வரும். ஆகவே மே மாதத்தில் எத்தனை லாரி வாங்குகிறீர்கள், அதனால் மெயின்டனன்ஸ் எவ்வளவு ஏறுகிறது என்று அங்கே குடியிருப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் சதுர அடி விலையைக் கேட்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெள்ளம் எட்டு வருடத்துக்கு ஒருமுறை. அலுவலகப் பயணம் தினமும் மூன்று மணி நேரம். பின் எதைப் பார்ப்பது? வாடகைக்குப் போகிறவருக்கு இந்த வாதம் முழுக்கப் பொருந்தும்; அவர் வேலைக்குப் பக்கத்தில் இருப்பதே சரி, பிடிக்கவில்லையென்றால் முன்பணத்தை வாங்கிக்கொண்டு வேறு வீடு பார்க்கலாம். இருபது வருடக் கடனில் வாங்குகிறவர் விஷயம் வேறு. அந்த இருபது வருடத்தில் அவர் எத்தனை வேலை மாறுவார் என்று அவருக்கே தெரியாது. போக்குவரத்தும் மாறும், ஆனால் விளம்பரத்தில் சொல்லும் வேகத்தில் மாறாது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர். அந்த ரயில் இணைப்பு பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் ரயிலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை, வரப்போகும் ரயிலுக்குக் கொடுப்பது சூதாட்டம். மாடியில் வாங்கிவிட்டால் வெள்ளம் என்ன செய்யும் என்பார் இன்னொருவர். சம்ப், மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட் இயந்திரம், வண்டிகள் எல்லாம் கீழேதான் இருக்கின்றன. மிக்ஜாமின்போது பள்ளிக்கரணை அடுக்குமாடி ஒன்றிலிருந்து கார்கள் மிதந்து போனதை ஊரே செல்பேசியில் பார்த்தது. சம்ப்பில் சாக்கடை கலந்தபின் ஐந்தாவது மாடிக்காரர் குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான்.

பணம் பற்றிய மறுப்புக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. மேட்டு நிலம் விலை அதிகம். பள்ளம்தான் கைக்கு எட்டுகிறது. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்தில் குடியேற்றப்பட்டவர்களிடம் மேடா பள்ளமா என்று யாரும் கேட்கவில்லை. சதுப்பின் ஓரத்தில் வீடு ஒதுக்கினார்கள். அவர்களைப் பொறுத்தவரை ‘தேர்ந்தெடுப்பது’ என்ற சொல்லே பொருந்தாது, அந்தப் பொறுப்பு அரசுடையது. தேர்ந்தெடுக்க முடிந்தவருக்கு ஒன்று சொல்லலாம்: அதே பணத்துக்கு அதே வட்டாரத்திலேயே ஒரு மீட்டர் உயரமான தெரு பெரும்பாலும் கிடைக்கும், அறை ஒன்று குறையலாம்.

அதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை. வில்லங்கச் சான்றில் மனிதர் வைத்த வில்லங்கம்தான் தெரியும், தண்ணீர் வைக்கும் வில்லங்கம் வராது. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டைப் பார்க்க வேண்டும். சர்வே எண்ணைக் கொடுத்தால் இணையத்திலேயே கிடைக்கும். நஞ்சை என்றிருந்தால் அது பெரும்பாலும் ஏரிப் பாசனத்தில் விளைந்த நிலம். ஏரித் தண்ணீர் தானாக இறங்கி வந்து பாய்ந்த நிலம் என்றால் ஏரிக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். புஞ்சை என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். பக்கத்து எண்களில் வாய்க்கால் என்றோ தாங்கல் (சிறு ஏரி) என்றோ இருந்து நேரில் அங்கே தெரு இருந்தால், அந்த வாய்க்கால் இப்போது எங்கே போகிறது என்று விற்பவர் காட்டட்டும். பிறகு கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய், இஸ்திரி வண்டிக்காரரிடமும் முக்குக் கடைக்காரரிடமும் 2015-இல் எதுவரை வந்தது, 2023-இல் எதுவரை வந்தது என்று கேட்கலாம். பழைய வீடுகளின் வாசலைப் பார்க்கலாம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, படி ஏறிப்போன வீடுகள் இப்போது படி இறங்கிப்போகும் வீடுகளாகியிருக்கும். அந்தத் தெருவில் இரண்டு வீட்டை ஜாக்கி வைத்து நாலடி தூக்கியிருந்தார்கள் என்றால், தரகரிடம் கேட்க மேற்கொண்டு ஒன்றும் இருக்காது.