பூனைக்கு ஊசி போட்டாச்சு, டொக்ஸோபிளாஸ்மாவுக்கு?

ஈப்போவில் பூனைக்குட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் வழக்கமாகப் போடும் ஊசி மூன்று வைரஸ்களைத் தடுக்கும். டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைத் தடுக்காது. அதற்கான பூனைத் தடுப்பூசி உலகில் எங்கும் விற்பனைக்கு வரவில்லை.

எப்படிப் பரவுகிறது?

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. பழத்தைத் தேடி எலி வருகிறது. எலியைத் தேடிப் பூனை வருகிறது. கிருமியுள்ள எலியைத் தின்ற பூனைக்குப் பெரும்பாலும் நோய் எதுவும் தெரியாது. ஆனால் முதல் தொற்றின்போது ஓரிரு வாரம் அதன் மலத்தில் இலட்சக்கணக்கான முட்டைகள் வெளியேறும். அவை 1 முதல் 5 நாளில் தொற்றும் தன்மை பெற்று, ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

மனிதருக்குத் தொற்றினால், நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் சிசுவின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் ஆபத்து உண்டு.

தடுப்பூசி ஏன் வரவில்லை?

இந்தத் தடுப்பூசியின் நோக்கம் பூனையைக் காப்பது அல்ல, முட்டை வெளியேறுவதை நிறுத்துவது. 1990களில் அமெரிக்காவில் டி-263 என்ற வலுவிழந்த கிருமியைப் பூனைகளுக்கு வாய்வழியே கொடுத்தார்கள். இல்லினாய் மாநிலப் பன்றிப் பண்ணைகளில் சோதித்தபோது பன்றிகளிடம் தொற்று குறைந்தது. ஆனால் அது உயிருள்ள கிருமி. உறைநிலையில் வைத்தே கொண்டுபோக வேண்டும். தவிர, நோய்வாய்ப்படாத பூனைக்கு மருந்து வாங்க எத்தனை பேர் முன்வருவார்கள்? 2019இல் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணு நீக்கிய கிருமியைக் கொடுத்த பூனைகள், பிறகு இயல்பான கிருமி தொற்றியபோது முட்டை எதையும் வெளியேற்றவில்லை. அதுவும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. செம்மறி ஆடுகளின் கருச்சிதைவைத் தடுக்க நியூசிலாந்தில் உருவான டொக்ஸோவாக்ஸ் என்ற தடுப்பூசி மட்டும் சந்தையில் உண்டு. அதைப் பூனைக்குப் போடுவதில்லை.

இப்போது என்ன செய்வது?

பூனை மலத்தைத் தினமும் அள்ளிவிடுங்கள்; தொற்றும் தன்மை வருமுன்பே அது போய்விடும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள். காய்கறிப் பாத்தியில் கையுறை போடுங்கள். பச்சையாகத் தின்னும் வல்லாரையை ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். ஆட்டிறைச்சியை முழுதாக வேகவையுங்கள். பூனையை விரட்டத் தேவையில்லை.

வீட்டுப் பூனைக்கு இவ்வளவு போதும். லயத்திலும் தாமானிலும் உரிமையாளரின்றித் திரியும் பூனைகளின் மலத்தை அள்ள யாருமில்லை. தடுப்பூசி உண்மையில் தேவைப்படுவது அவற்றுக்குத்தான். பிடித்து ஊசி குத்த முடியாததால், தீனியில் கலந்து வைக்கும் மருந்தாக வந்தால்தான் அது தோட்டத்துக்கு உதவும்.