தெள்ளுப்பூச்சி சொன்ன செய்தி

அறுவடை முடிந்து நெல் மூடைகள் வீடு வந்து சேரும் காலத்தில், நெளுக்குளம் போன்ற வன்னிக் கிராமங்களுக்கு அழையாத விருந்தாளி ஒருவரும் வந்து சேருகின்றார். அவரே எலியார். மூடையைக் கடித்து நெல்லைச் சிந்தும் இப்பிராணியை நாம் விளைவின் பகைவன் என்ற அளவிலே கருதி வருகின்றோம். ஆனால் அதன் உரோமத்தில் ஒளிந்து வாழும் தெள்ளுப்பூச்சியும், அத்தெள்ளின் குடலில் வாழும் கிருமியும் சேர்ந்து ஒரு காலத்தில் நகரங்களையே வெறுமையாக்கின என்பதைச் சற்று நினைவுகூர்வோமாக.

1894ஆம் ஆண்டு ஹொங்கொங் நகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் வாட்டியது. அலெக்சாண்டர் யேர்சின் என்ற வைத்தியர் அங்கே சென்று, ஓலைக் குடிசை ஒன்றையே ஆய்வுகூடமாகக் கொண்டு நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். நகரில் மடிந்து கிடந்த எலிகளின் உடலிலும் அதே கிருமி இருப்பதை அவர் கண்டார். பிற்காலத்தில், 1944ஆம் ஆண்டில், இக்கிருமிக் குலத்துக்கு அவர் பெயராலேயே யேர்சீனியா என்னும் பெயர் சூட்டப்பட்டது.

எலியிலிருந்து மனிதனுக்கு நோய் எவ்வாறு வருகின்றது? 1898இல் கராச்சியில் போல் லூயி சிமோன் என்பவர் நோயுற்ற எலியொன்றையும் நலமுள்ள எலியொன்றையும், ஒன்றையொன்று தீண்ட முடியாதவாறு ஒரே கண்ணாடிப் பாத்திரத்தினுள் வைத்தார். இடையிலே தாவக்கூடியவை தெள்ளுகள் மாத்திரமே. சில நாட்களில் நலமுள்ள எலியும் மாண்டது. அவர் கூறியதை நம்புவதற்கு வைத்திய உலகுக்குப் பல ஆண்டுகள் சென்றன.

இதற்கிடையில் 1896ஆம் ஆண்டு பம்பாயிற் புகுந்த பிளேக், இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டது. கோயம்புத்தூரிலே அன்னை பராசக்தி 'பிளேக் மாரியம்மன்' என்ற திருநாமத்துடன் இன்றும் வழிபடப்படுகின்றாள். அந்நாளைய மக்களின் அச்சத்துக்கும் அடைக்கலத்துக்கும் அப்பெயரே சான்றாகும்.

இலங்கையோ உண்ணும் அரிசிக்கு இந்தியாவையும் பர்மாவையும் எதிர்பார்த்திருந்த நாடு. கப்பல் தோறும் மூடைகள் வந்தன. மூடைகளோடு எலிகளும் வந்தன. எனினும், 1914ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலேயே கொழும்பில் நோய் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. பின்னர் ஆண்டுதோறும் அது சிலரைக் காவு கொண்டதாயினும், பம்பாயிற் போன்று நகரெங்கும் பரவிப் பேரழிவு செய்யவில்லை. இதற்குக் காரணம் யாது?

கொழும்பு மாநகர சபையில் நுண்ணுயிரியல் அறிஞராகப் பணியாற்றிய ஹேர்ஸ்ட் என்பவர் இவ்வினாவுக்கு விடை தேடினார். எலிகளைப் பிடித்து, அவற்றின் உடலிலுள்ள தெள்ளுகளைச் சேர்த்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து இனம் பிரித்து எண்ணுவது அவர் வேலையாயிற்று. பார்வைக்கு ஒன்றுபோற் காணப்பட்ட அவை ஓரினத்தவை அல்ல. எகிப்திய மன்னனின் பெயரைத் தாங்கிய 'சியோப்பிஸ்' ஓர் இனம். 'அஸ்தியா' மற்றோர் இனம். கொழும்பு எலிகளில் பெரும்பாலும் வாழ்ந்தது அஸ்தியாவே. தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதியில் சியோப்பிஸ் குடியேறியிருந்தது. பிளேக்கும் அப்பகுதியையே சுற்றிச் சுற்றி வந்தது!

சியோப்பிஸின் குடலில் கிருமிகள் பெருகி வழியை அடைத்துக் கொள்கின்றன. குடித்த இரத்தம் உள்ளே இறங்காமையால், பசி தீராத தெள்ளு மீண்டும் மீண்டும் கடிக்கின்றது. அவ்வாறு கடிக்கும்போது கிருமி கலந்த இரத்தம் கடிவாயினுள் திரும்பிப் பாய்கின்றது. அஸ்தியாவோ இக்கொடுந்தொழிலில் திறமை குறைந்தது. சென்னை நகரிற் பிளேக் பெருகாமைக்கும் இதனையே ஒரு காரணமாக ஹேர்ஸ்ட் எடுத்துக் காட்டினார். அவர் எழுதிய பிளேக் வரலாற்று நூல் 1953இல் வெளிவந்தது. 1938ஆம் ஆண்டுக்குப் பின்னர் இலங்கையில் இந்நோய் தோன்றியதில்லை.

பிளேக் உலகை விட்டு ஒழிந்துவிடவில்லை. 1994இல் சூரத்திலும், 2017இல் மடகாஸ்கரிலும் அது மக்களைக் கலங்கச் செய்தது. எனினும், காலந் தாழ்த்தாது கண்டறிந்தால் இன்றைய மருந்துகளால் அதனைக் குணப்படுத்தலாம். யேர்சீனியாக் குலத்தில் மற்றொரு கிருமி பன்றிகளில் வாழ்கின்றது. நன்கு வேகாத பன்றியிறைச்சி, காய்ச்சாத பால் ஆகியவற்றின் வழியாக அது வயிற்றுப்போக்கையும், குடல்வால் அழற்சியோ என்று ஐயுறத்தக்க வயிற்றுவலியையும் உண்டாக்கும். குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் அது பெருகவல்லது. பெட்டிக்குள் வைத்ததனால் உணவு தூய்மையாகிவிட்டது என்று நம் இல்லத்தரசியர் எண்ணிவிடலாகாது.

வன்னி உழவருக்கு இவ்வரலாற்றில் ஒரு படிப்பினை உண்டு. நமது வயல்களில் இன்று அஞ்சவேண்டிய எலிக்காய்ச்சல் பிளேக் அன்று; அதன் கிருமி வேறு, வழியும் வேறு. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்று நீரிலிருந்து, காலிலுள்ள சிறு புண் வழியாகவும் அது உடலிற் புகும். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சில உயிர்களைப் பறித்த காய்ச்சல் இன்னதென முதலில் எவருக்கும் விளங்கவில்லை. பரிசோதனை நடந்த பின்னரே அது எலிக்காய்ச்சல் எனத் தெளிவாயிற்று. பெயர் தெரியாத காய்ச்சலுக்கு ஊரெல்லாம் ஒரு காரணம் கூறும். அக்காரணங்களை ஆராய்ந்து கொண்டிருக்கும் நேரத்தில் நோயாளி கைவிட்டுப் போய்விடுவதும் உண்டு.

ஆகையால், வயலில் இறங்குவோர் புண்களை மூடிக் கட்டிக்கொள்க. விதைப்புக்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டறிக. காய்ச்சல் கண்டால், 'பனடோல் போட்டால் சரியாகும்' என்று படுத்துக் கிடவாது வைத்தியசாலைக்குச் செல்க. சென்றதும், "ஐயா, நான் வயலில் இறங்கி வேலை செய்தவன்" என்ற ஒரு வார்த்தையை மறவாது சொல்லுக. தெள்ளுகளை எண்ணி ஒரு நகரின் நோய்க்கு விளக்கம் கண்டனர் அன்று. உழவர் கூறும் அவ்வொரு வார்த்தை வைத்தியருக்கு இன்று அத்தகைய உதவியைச் செய்யும்.