வெண்ணெய்ச் சிறுமி கைப்பேசிக்கு வந்தாள்!

புள்ளி போட்ட சட்டை, நீலத் தலைமுடி, ஊர் வம்பு எதையும் விடாத வாய். 'அமுல்' வெண்ணெய்ச் சிறுமியை அறியாத மும்பைத் தமிழர் யார்?

குஜராத்தில் உள்ள ஆனந்த் நகரின் பால் கூட்டுறவுக்காக 1966-ம் ஆண்டில் பிறந்தவள் இவள். சில்வெஸ்டர் டகுன்ஹா யோசனை தந்தார். ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸ் உருவம் கொடுத்தார்.

அந்த நாளில் விளம்பரப் பலகையைக் கையால் தீட்ட வேண்டும். நாள் கணக்கில் ஆகும். இப்போது கிரிக்கெட்டில் இந்தியா ஜெயித்தால் சிறுமியின் கிண்டல் சுடச்சுட இன்ஸ்டாகிராமில் வந்துவிடுகிறது.

பலகையைப் பார்த்துச் சிரித்தவர் அப்படியே நடந்து போவார். கைப்பேசியில் பார்ப்பவரோ பத்துப் பேருக்கு அனுப்புகிறார். நோட்டீஸ் விநியோகிக்கும் வேலையை வாடிக்கையாளரே செய்கிறார்; கூலிதான் கிடையாது!

இந்தப் பழக்கத்தை மோசடிக்காரர்களும் கண்டு கொண்டார்கள். 2021-ம் ஆண்டில், "அமுல் 75-வது ஆண்டு விழா, ரூ.6 ஆயிரம் பரிசு" என்று வாட்ஸ்-அப்பில் ஒரு செய்தி சுற்றியது. கேள்விக்குப் பதில் சொல்லி, நண்பர்களுக்கும் அனுப்ப வேண்டுமாம். அது பொய் என்று நிறுவனமே அறிவித்தது. தெரிந்தவர் அனுப்பியது என்பதாலேயே பலர் நம்பி விடுகிறார்கள். ஊருக்கு மணியார்டர் அனுப்பச் சேர்த்த பணம், ஓ.டி.பி. எண்ணைச் சொன்ன மறு நிமிடம் பறந்து விடும்.

காசு வாங்கிக் கொண்டு பொருளைப் புகழும் இணையப் பிரபலங்கள், "இது விளம்பரம்" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை இதை வலியுறுத்தியது. தவறான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம் உண்டு.

பரிசு என்று வந்தால் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். பொருளில் குறை என்றால் 1915.