கண்குழியின் இரத்தக்கட்டிகளும் இரணசிகிச்சையும்

பாவில் அறுந்த இழையைத் தேடிப் பிணைக்குங் கைக்கு வழிகாட்டுவது கண். சேவூர்ப் பட்டு நெசவாளர்க்கு ஒரு கண் மங்கினும் தொழில் மங்குமாதலின், கண்ணைச் சூழ்ந்து அருகித் தோன்றும் இரத்தக்குழாய்க் கட்டிகளைக் குறித்து ஈண்டுச் சிறிது கூறப்புகுகின்றாம்.

விழி அமைந்துள்ள குழி எலும்பாற் சூழப்பட்ட கூம்பு, முன்புறமே திறந்தது. ஆதலின் உள்ளே யாதொன்று வளரினும் விழி முன்னே தள்ளப்படும். நடுவயதினரிடத்தே, பெண்பாலாரிடம் சற்று மிகுதியாகக் காணப்படுவது, கடற்பஞ்சு போன்ற அறைகளிற் குருதி தேங்கிய கட்டி. நோவில்லை, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். பார்வை நரம்பை நெருக்குமாயின் பார்வை குறையும். இது புற்றன்று. சிறியதாய்த் தீங்கு செய்யாதிருப்பின், அவ்வப்பொழுது காந்தப் படமெடுத்துப் பார்த்திருத்தலே போதும்.

எடுக்கவேண்டின், அக்கட்டியைச் சூழ்ந்து ஓர் உறையிருத்தல் வைத்தியர்க்குப் பெருந்துணை. 1888இல் ஜூரிச் நகரத்துக் குரோன்லைன் என்பார், நெற்றிப்பொட்டருகே குழியின் வெளிச்சுவர் எலும்பைத் திறந்து, விழியைச் சிதைக்காமல் உட்புகும் வழியைக் காட்டினர். இன்று இமைமடிப்பிற் கீறியும் அவ்வழிச் செல்கின்றனர், வடு மறைந்துவிடும். இடுக்கியாற் கவ்வின் உறை கிழிந்து குருதி பெருகுமாதலின், கடுங்குளிரூட்டிய கோலின் நுனியைக் கட்டியின்மேல் வைப்பதுண்டு. அஃது உறைந்து ஒட்டிக்கொள்ள, மெல்ல வெளிக்கொணர்வர். கட்டி குழியின் ஆழத்தே நரம்போடு ஒட்டியிருப்பின், எத்துணைக் கைதேர்ந்தவரும் பார்வை போதலுங்கூடும் என முன்னரே கூறிவிடுவர். கூறாதவரை நாடாதிருத்தல் நன்று.

குனியும்போது மட்டும் விழி பிதுங்கி, நிமிர்ந்தவுடன் அடங்குமாயின் அது வேறு. அது சிரைகளின் விரிவு, அதற்கு உறையில்லை. குழித்தறியிற் குனிந்து வேலை செய்வோர் இதனை உடற்சூடென்று விட்டுவிடலாகாது. வெறுமனே கத்தியிட்டாற் குருதி எளிதில் நில்லாது; ஆதலின் பசைமருந்தை முதலில் ஊசிவழிச் செலுத்தி இறுகச்செய்து, பின்னர் எடுக்கும் முறையும் உளது.

இனி, பிறந்த சில வாரங்களிற் குழந்தையின் இமைமேல் எழும் செந்நிறக் கட்டி. இவற்றுள் அரிதல்லாதது இதுவே. நாளடைவில் தானே சுருங்குமென்று பாட்டிமார் கூறுவது பெரும்பாலும் மெய். ஆயினும் அது விழியை மூடிக்கொண்டிருப்பின், மூளை அக்கண்ணாற் காணப் பயிலாது. கட்டி மறைந்த பின்னும் பார்வை குறைந்தே நிற்கும். 2008இல் பிரெஞ்சு நாட்டுப் போர்தோ நகர மருத்துவர்கள், இருதய நோய்க்குரிய புரோப்ரானலால் என்னும் மருந்து இக்கட்டியைச் சுருக்குதலைக் கண்டு வெளியிட்டபின், இதற்குக் கத்தி பெரும்பாலும் வேண்டாததாயிற்று.

வேலூரிலே 1902இல் திறக்கப்பெற்ற ஷெல் மருத்துவசாலை பின்னாளிற் கண் மருத்துவத்துக்கே உரியதாயிற்று. அஃது இருப்பதும் ஆரணிச் சாலையிலேயாம். நம்மூர்த் தாய்மார் அறியவேண்டுவது யாதெனில், அம்மருந்து கட்டி வளருங் காலமாகிய முதற் சில திங்களிலே தொடங்கினாற்றான் மிக்க பயன் தரும். நாடி தளரவும், இரத்தத்திற் சர்க்கரை இறங்கவும் செய்யுமாதலின், அதனை வைத்தியர் மேற்பார்வையிலன்றிக் கொடுத்தல் ஆகாது.