ஆங்கிலச் சொல்லைக் கண்ணால் தேடுங்கள்

ஐந்தெழுத்துச் சொல். இரண்டாவது எழுத்து ஐ, கடைசி எழுத்து டி, நடுவில் எங்கோ ஒரு ஜி இருக்கிறது. என்ன சொல்? குறுக்கெழுத்து போடுபவர்களும் வேர்டில் ஆடுபவர்களும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோரும் அடிக்கடி சந்திக்கிற கேள்வி இது. "எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கத் தேவையே இல்லை. இந்தத் தேடலுக்குச் சொல்வளம் ஓரளவு இருந்தால் போதும். எந்த எழுத்து எங்கே வரும், எங்கே வராது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

26 எழுத்துகளை ஐந்து இடங்களில் விருப்பம்போல் வைத்தால் 1,18,81,376 வரிசைகள் கிடைக்கும். ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் 2021-இல் வெளியிட்ட, ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் விளையாட்டு, அவற்றில் ஏறத்தாழ 13,000 வரிசைகளைத்தான் சொல் என்று ஏற்றுக்கொண்டது. விடையாக வைத்தவை சுமார் 2,300. ஒரு கோடிக்கு மேற்பட்டவற்றை மொழியே கழித்துத் தள்ளிவிட்டது. அந்தக் கழித்தலை நாம் தொடர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எழுதி வையுங்கள்

மனத்துக்குள் தேடாதீர்கள். சொல்லின் நீளத்துக்கு ஏற்பக் கோடுகள் போடுங்கள். இடம் தெரிந்த எழுத்தை அந்தக் கோட்டின் மேல் எழுதுங்கள். இருப்பது தெரிந்து இடம் தெரியாத எழுத்தை ஓரமாக எழுதி, அது எந்த இடத்தில் வராது என்பதையும் குறியுங்கள். கிடையாது என்று உறுதியான எழுத்துகளைத் தனியே எழுதி அடித்துவிடுங்கள். இந்த மூன்று பட்டியலும் கண்ணெதிரே இருந்தால், ஒரே தவற்றைத் திரும்பச் செய்ய மாட்டோம்.

எது அதிகம், எது அபூர்வம்

ஆங்கிலத்தில் எல்லா எழுத்தும் ஒரே அளவில் புழங்குவதில்லை. ஸ்க்ராபிள் விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃப்ரெட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையை இழந்தவர். செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் அவர் வில்லைகளைப் பங்கிட்டார். 100 வில்லைகளில் இ என்ற எழுத்துக்கு மட்டும் 12. க்யூவுக்கும் இசட்டுக்கும் தலா ஒன்றுதான். அதனால்தான் அவற்றுக்கு 10 புள்ளி.

வேர்டில் விடைகளிலும் இ, ஏ, ஆர், ஓ, டி, எல், ஐ, எஸ், என் ஆகியவையே அதிகம். ஸ்லேட், கிரேன் போன்ற சொற்களை முதல் ஊகமாகப் பலர் வைப்பதற்குக் காரணம் இதுதான். இடத்துக்கும் ஒரு பழக்கம் உண்டு. சொல்லின் தொடக்கத்தில் அதிகம் வருவது எஸ். முடிவில் அதிகம் வருபவை இ, ஒய், டி. வி, ஜே போன்றவை கடைசியில் நிற்பது மிக அரிது.

ஜோடிகளைப் பாருங்கள்

க்யூ வந்தால் பின்னாலேயே யூ வரும். குயின், குயிக், ஈக்வல் எல்லாம் அப்படித்தான். ஒரு கட்டம் தெரிந்தாலே இரண்டு கட்டம் நிரம்பிவிடுகிறது. கத்தார் போன்ற அரபுப் பெயர்கள் விதிவிலக்கு. இரண்டாம் இடத்தில் ஹெச் இருந்தால் அதற்கு முன் சி, எஸ், டி, டபிள்யூ, பி ஆகியவற்றில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். சொல்லின் தொடக்கத்தில் எஸ், டி, ஆர் போல மூன்று மெய்யொலிகள் சேர்ந்து வந்தால், முதல் ஒலி எஸ்தான். உயிரெழுத்து ஐந்தும் இல்லை என்று தெரிந்தால் ஒய்யைத் தேடுங்கள். நிம்ஃப், கிரிப்ட், லிம்ஃப் எல்லாம் அதை நம்பி நிற்கும் சொற்கள்.

காது ஏமாற்றும்

தமிழில் பெரும்பாலும் எழுதியபடி படிக்கிறோம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் ஓசையால் தேடினால் சிக்கல். 'ரைட்' என்று ஒலிக்கும் ஐந்தெழுத்துச் சொல் ஒன்றல்ல. சரி என்ற பொருளில் ஆர்-ஐ-ஜி-ஹெச்-டி, எழுது என்ற பொருளில் டபிள்யூ-ஆர்-ஐ-டி-இ. கத்தியைக் குறிக்கும் நைஃப், கேயில் தொடங்குகிறது. வாயால் சொல்லிப் பார்ப்பவருக்கு இந்த எழுத்துகள் தட்டுப்படவே படாது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். வேர்டிலில் கடைசி நான்கு எழுத்தும் ஐ-ஜி-ஹெச்-டி என்று பச்சையாகிவிட்டது (அதாவது எழுத்தும் சரி, இடமும் சரி), மூன்று வாய்ப்பு மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். லைட், நைட், ரைட், மைட், சைட், ஃபைட், டைட் என்று ஏழு சொற்கள் நினைவுக்கு வரும். எட்டு என்ற எண்ணைக் குறிக்கும் எய்ட்டுக்கும் கடைசி நான்கு எழுத்து அவையே. ஓசை வேறாக இருப்பதால் அதைக் காது பிடிக்காது, கண்தான் பிடிக்கும். இந்த எட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் மூன்று ஊகத்தில் மூன்றுதான் சோதிக்க முடியும்.

அப்படிச் செய்யாமல், விடையாக இருக்க முடியாத ஒரு சொல்லை வேண்டுமென்றே போடுங்கள். 'ஃபார்ம்ஸ்' என்ற சொல்லில் எஃப், ஆர், எம், எஸ் நான்கும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நிறம் மாறினால் விடை அப்போதே தெரிந்துவிடும். நான்கும் சாம்பல் நிறமானால், அதாவது விடையில் இல்லை என்றால், மிச்சம் லைட், நைட், டைட், எய்ட். அடுத்து 'லினன்' போடுங்கள். அதில் எல், என், இ மூன்றும் உண்டு. எல் நிறம் மாறினால் லைட், என் மாறினால் நைட், இ மாறினால் எய்ட், மூன்றும் மாறாவிட்டால் டைட். மூன்றாவது ஊகத்தில் விடை கையில். கண்டுபிடித்த எழுத்துகளை விடாமல் பயன்படுத்தச் சொல்லும் ஹார்ட் மோடில் மட்டும் இந்த வழி செல்லாது.

கணினி எப்படித் தேடுகிறது?

கணினியும் செய்வது இதே கழித்தல்தான். இணைய அகராதிகள் பலவற்றில், தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டால், அந்த வடிவத்தில் பொருந்தும் சொற்களை வரிசையாகக் காட்டும். எழுத்துகள் கலைந்து கிடந்தால் வேறு உத்தி. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கிவிடும். லிசன், சைலன்ட் இரண்டையும் அப்படி அடுக்கினால் இ, ஐ, எல், என், எஸ், டி என்று ஒரே வரிசை வரும். வரிசை ஒன்றானால் சொற்கள் இரண்டும் ஒரே எழுத்துகளால் ஆனவை.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது கருவியைக் கடைசியில் காட்டுங்கள். முதலில் கோடு போட்டு, எழுத்துகளைக் கழித்து, ஜோடிகளைப் பொருத்திப் பார்க்கட்டும். அப்படித் தானே தேடிப் பிடித்த சொல்லின் எழுத்துக்கூட்டல் எளிதில் மறக்காது. ஆங்கிலம் குறைவாகத் தெரியும் என்று தயங்கும் பெரியவர்களுக்கும் சொல்வது இதுதான்: நாளைய செய்தித்தாளில் வரும் குறுக்கெழுத்தை ஒரு பென்சிலோடு எடுத்து உட்காருங்கள்.