பழைய டிராக்டர் பழுதானால் வியாபாரி பொறுப்பாவாரா?

காவிரி டெல்டாவில் ஒரு கிராமத்தில் நடந்த பயிற்சி முகாமில் சம்பா நெல் ரகங்களைப் பற்றிப் பேசி முடித்தேன். கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்த ஒரு விவசாயி எழுந்து, "ஐயா, நெல் ரகம் இருக்கட்டும். நான் வாங்கிய டிராக்டருக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்றார்.

பழைய டிராக்டர் வாங்கி விற்கும் ஒரு வியாபாரியிடம் 45 குதிரைத்திறன் வண்டியை ரூ.3,40,000 கொடுத்து வாங்கியிருக்கிறார். "இன்ஜினும் கியர் பாக்ஸும் புதுசு மாதிரி, ஒரு போகத்துக்குத் தொடவேண்டாம்" என்று வியாபாரி சொன்னாராம். பதினோராம் நாள் சேற்றுழவின்போது கியர் பாக்ஸில் கடகடவென்று சத்தம் கேட்டு, வண்டி வயலிலேயே நின்றுவிட்டது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அன்றிரவே வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் பிரித்தார்கள். பல்சக்கரத்தில் பற்கள் உடைந்திருந்தன. கியர் பாக்ஸ் கூடு ஏற்கெனவே விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து, மேலே பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது. ரூ.62,000 செலவழித்து நான்காம் நாள் வண்டியை வயலில் இறக்கினார். நடவு முடிந்ததும் வியாபாரியிடம் போனார். "பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும். அதோடு, என்னைக் கேட்காமல் நீங்கள் பிரித்துவிட்டீர்கள். உங்கள் மெக்கானிக் கெடுத்தாரோ என்னவோ, யார் கண்டது?" என்று பதில் வந்தது.

பட்டறையில் ரசீது வாங்கவில்லை. உடைந்த பல்சக்கரங்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. வெல்டிங் வைத்த கூட்டை யாரும் படம் எடுக்கவில்லை. நியாயம் அவர் பக்கம் இருந்தும், அதை நிரூபிக்கக் கையில் ஒன்றும் இல்லை.

எனது துறை பயிரியல், சட்டமன்று. எனினும் அன்றுமுதல் இந்த விஷயத்தை வழக்கறிஞர்களிடமும் பொறியாளர்களிடமும் விசாரித்து வந்திருக்கிறேன். பழைய டிராக்டர் வாங்கும் உழவர் பெருமக்களுக்கு அது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன். கார், மோட்டார் சைக்கிள் வாங்குவோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பழையது என்றால் உரிமை இல்லையா?

பழைய சாமானுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்ற எண்ணம் பலரிடமும் இருக்கிறது. அது தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 (இது 20-7-2020 முதல் நடைமுறையில் இருக்கிறது) புதியது, பழையது என்று பிரித்துப் பேசவில்லை. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்கவேண்டிய தரம் இல்லாவிட்டாலும், வியாபாரி தாமே சொன்ன தரம் இல்லாவிட்டாலும் அது குறைபாடே ஆகும். ஆகவே வியாபாரி வாயால் சொன்னது முக்கியம். அதையே தாளில் எழுதி வாங்கினால் மிகவும் முக்கியம்.

ஆனால் பத்து வருஷம் உழைத்த வண்டியில் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். டயர் தேய்ந்திருப்பதும், கிளட்ச் தட்டு ஆறு மாதத்தில் மாற்றவேண்டியிருப்பதும் குறைபாடாக எடுத்துக்கொள்ளப்படா. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைகளுக்குப் பின்னர் விற்றவரைக் கேட்கமுடியாது என்கிறது. பெயிண்டுக்கு அடியில் மறைத்த வெல்டிங், திருத்திய மணி மீட்டர், வேறு வண்டியின் இன்ஜின் ஆகியவற்றின் கதை வேறு. அவை தேய்மானமல்ல, மறைப்பு.

"இருக்கிற நிலையில் பார்த்து வாங்கிக்கொண்டேன்" என்று சில வியாபாரிகள் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். இந்தச் சீட்டு வாங்குபவரின் கட்சியைப் பலவீனமாக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் பொய் சொல்லி விற்றவருக்கு அது முழுக் கவசம் ஆகாது. பொருளின் தரம்பற்றிப் பொய்யாகக் கூறுவது முறையற்ற வணிக நடவடிக்கை என்று சட்டம் சொல்கிறது. பில் கொடுக்காமல் விற்பதும் அதே கணக்கில் வருகிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாட்கள் கெடு.

சொந்த வண்டியை விற்கும் பக்கத்து ஊர் விவசாயியிடம் வாங்கினால் இந்தச் சட்டம் அவ்வளவாக உதவாது. அவர் வியாபாரி அல்லர். அவர்மீது சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டியிருக்கும். விலை சற்றுக் கூடினாலும் பில் போட்டு விற்கும் வியாபாரியிடம் வாங்குவதில் உள்ள லாபம் இதுவே.

வாடகைக்கு ஓட்டினால்?

எதிர்க்கட்சி வக்கீல் எடுக்கும் முதல் ஆயுதம் இது: "இவர் வாடகைக்கு உழவு ஓட்டுகிறார், ஆகவே வணிக நோக்கம், நுகர்வோரே அல்லர்." வணிக நோக்கத்துக்கு வாங்கியவரைச் சட்டம் விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கமாகாது என்று அதே பிரிவில் விளக்கமும் இருக்கிறது. 1995-இல் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பிழைப்புக்காக ஆட்டோவைத் தாமே ஓட்டுபவரும், லாரியைத் தாமே ஓட்டுபவரும் நுகர்வோரே; உதவிக்கு ஓரிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது; முழுக்க முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்கென்று வாங்கினால் மாறிவிடும்.

எனவே நாலு ஏக்கரைத் தாமே உழுது, மீதி நாளில் அக்கம்பக்கத்தில் வாடகைக்கும் உழும் விவசாயி அஞ்சவேண்டியதில்லை. மனுவிலேயே "என் பிழைப்புக்காக நானே ஓட்டுகிறேன்" என்று எழுதிவிட வேண்டும். ஐந்து டிராக்டர், ஐந்து டிரைவர் என்று வைத்திருப்பவர்கள் இந்த வழியை நம்பவேண்டாம்.

ஸ்பேனர் வைக்கும் முன்

டெல்டா விவசாயி தவறியது இந்த இடத்தில்தான். அவரைக் குறை சொல்லமாட்டேன். நாற்று காத்திருக்காது, நானாக இருந்தாலும் அன்றிரவே பட்டறைக்குத்தான் போயிருப்பேன். ஆனால் பிரிப்பதற்கு முன் செய்யவேண்டியவற்றுக்கு அரை நாள் போதும்.

வண்டி நின்ற இடத்திலேயே கைப்பேசியில் படமும் வீடியோவும் எடுங்கள். மணி மீட்டரின் அளவு, சேசிஸ் எண், வரும் சத்தம், எண்ணெயின் நிறம் எல்லாம் பதிவாக வேண்டும். உடனே வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புங்கள்: "இன்ன தேதியில் வாங்கிய வண்டி இன்று இந்த நிலையில் நின்றுவிட்டது. நாளை மாலைக்குள் உங்கள் மெக்கானிக்குடன் வந்து பாருங்கள். வராவிட்டால் பயிர்த் தேவையை முன்னிட்டுப் பழுது பார்க்கவேண்டியிருக்கும். அந்தச் செலவை உங்களிடம் கோருவேன்." இதையே கடிதமாக ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அவர் வந்தால் இருவர் முன்னிலையில் பிரிக்கலாம். வராவிட்டால், "கேட்காமல் பிரித்தாய்" என்ற பேச்சுக்கு இடமிராது.

கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் பிரிப்பது மேல். அங்கே வேலைச் சீட்டு எழுதுவார்கள். ஊர்ப் பட்டறையில்தான் ஆகும் என்றால், மெக்கானிக் கண்டதைத் தேதியிட்டு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். உதிரிபாகம் வேறு, கூலி வேறு என்று பில் வேண்டும். கழற்றிய பாகங்களைச் சாக்கில் கட்டி வீட்டுப் பரணில் போடுங்கள். சோதனை செய்யாமல் குறையை முடிவுகட்ட இயலாது என்று தோன்றினால் ஆணையம் தக்க பரிசோதனைக்கு அனுப்ப இச்சட்டத்தில் இடம் உண்டு. அனுப்புவதற்கு நம் கையில் பாகம் இருக்கவேண்டுமே.

வண்டி நின்ற நாட்களில் வேளாண்மைப் பொறியியல் துறையிலோ தனியாரிடமோ வாடகைக்கு டிராக்டர் எடுத்து உழுதிருந்தால் அந்த ரசீதும் நஷ்டக் கணக்கில் சேரும். வங்கிக் கடனில் வாங்கியவர்கள் தவணையை நிறுத்திவிடக் கூடாது. வண்டி ஓடவில்லை என்பதை வங்கி கேட்காது. அது தனி ஒப்பந்தம்.

வாங்கும் நாளில்

காலையில் முதல் முறையாக இன்ஜினைக் கிளப்பும்போது நீங்கள் அருகில் இருக்கவேண்டும். "சூடாக இருக்கிறது, இப்போதுதான் ஓட்டினேன்" என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கல்டிவேட்டரை மாட்டி ஹைட்ராலிக்கில் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். தூக்கிய கலப்பை சில நிமிஷங்களில் தரையைத் தொட்டால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. சேற்றில் ஓடிய வண்டியானால் அச்சுகளின் ஆயில் சீல்களைத் தடவிப் பார்க்கவேண்டும். கிளட்ச் மிதி வழுவழுவென்று தேய்ந்திருக்க, மணி மீட்டர் மட்டும் 900 மணி என்று காட்டினால், மிதியை நம்புங்கள், மீட்டரை நம்பவேண்டாம். புதுப் பெயிண்ட் பளபளத்தால் இன்னும் நெருங்கிப் பாருங்கள்.

பில்லில் விலையோடு சேசிஸ் எண், இன்ஜின் எண், மணி மீட்டர் அளவு, வியாபாரி சொன்ன உறுதி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்துக்கு மட்டும் பில் போடச் சம்மதிக்கவே கூடாது. பின்னால் பணம் திரும்பக் கேட்கும்போது அந்தப் பாதிதான் கணக்கு.

ஆர்.சி.யைப் பொறுத்தவரை, கடன் குறிப்பு இருக்கிறதா, பதிவுக் காலம் முடிந்துவிட்டதா என்று பரிவாகன் செயலியில் பார்க்கலாம். விவசாய டிராக்டருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள், பிறகு புதுப்பிக்கவேண்டும். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு. முந்திய உரிமையாளரின் கடன் தீர்ந்திருந்தாலும் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் அந்தக் குறிப்பு நீங்காது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுக்கவேண்டாம்.

1-4-2023 முதல் பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெறவேண்டும் என்று மத்திய விதி வந்திருக்கிறது. வண்டி தம் கையில் இருக்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்பதில் தவறில்லை. முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

மனு செய்வது

கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்யலாம். விலை ரூ.5 லட்சம் வரை கட்டணமே இல்லை. அதற்கு மேல் ரூ.10 லட்சம் வரை ரூ.200. வியாபாரி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. வக்கீல் கட்டாயமில்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். பழுதை நீக்கித் தருதல், விலையை வட்டியுடன் திருப்புதல், நஷ்டஈடு என எதுவேண்டுமோ அதைத் தெளிவாகக் கேட்கவேண்டும். சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம், இல்லாவிட்டால் மூன்று மாதம் என்று சட்டம் கெடு சொன்னாலும் நடைமுறையில் வாய்தாக்கள் நீளும், பொறுமை வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து பார்க்கலாம்; சில வியாபாரிகள் அதோடு பேச்சுக்கு வந்துவிடுவதுண்டு.

டெல்டா விவசாயியின் மகன், வண்டி வாங்கிய அன்று வியாபாரியின் கொட்டகையில் ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தான். "ஒரு போகத்துக்குத் தொடவேண்டாம்" என்ற குரல் அதில் தெளிவாக இருக்கிறது. பட்டறைக்காரரும் கண்டதை எழுதித் தரச் சம்மதித்தார். அவற்றுடன் வியாபாரிக்கு நோட்டீஸ் அனுப்பியபின் ரூ.40,000 தருவதாகப் பேச்சு வந்தது. மீதி ரூ.22,000-ஐ விட்டுவிடலாமா என்று என்னைக் கேட்டார். பில்லும் பாகமும் கையில் இல்லாத நிலையில், வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.